கமலாக்காவின் கசற்

செவ்வாய், இரவு.

துறைமுகத்தடி ஐஸ் களஞ்சியத்தில் பழுதான கண்காணிப்பு வீடியோ றெக்கோடரை இன்று மாற்றிப் பூட்டினேன். சோதித்துப் பார்க்க அலுமாரியில் கிடந்த கசற்றை எடுத்தேன். அழிபடாமலிருக்க அதன் பிளாஸ்டிக் முனையை யாரோ உடைத்திருந்தார்கள். வழக்கம்போல ஓட்டையில் செலோடேப்பை ஒட்டி, பழைய பதிவுக்கு மேலேயே வாசலைப் பதிந்தேன். முனை உடைத்த கசற் யாருக்கோ வேண்டியதென்று எனக்குத் தெரியாதா?

முதலாளி கமலாக்கா வந்தார். "தம்பி, இது கடலுக்குப் போய்த் திரும்பாத என்ட மனுசன்ட கசற். உள்ள வரக்குள்ள கமெராவைப் பார்த்துச் சிரிப்பார்."

போட்டுப் பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே வரும் இடத்தில் நான் பதிந்த வெறும் வாசல்தான் வந்தது. அது முடிந்ததும் அக்காவின் மனுசன் திரையில் ஐஸ் பெட்டியோடு வெளியே போனார். முதுகுதான் தெரிந்தது.

அக்கா ஏசவில்லை. "திருப்பிப் போடுங்கோ" என்றார். போட்டேன். மறுபடியும் போட்டேன். ஒவ்வொரு முறையும், உள்ளே வராத மனிதர் வெளியே போனார்.

இப்போது கண்ணை மூடினாலும் போகிறார்.