முதலாளி ஓட்டுகிற முதல் டிரிப்

சித்தூர், 9-2-1956

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு ஆசிகள். நான் சுகம். குழந்தைக்கு இருமல் நின்றதா? நைனாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

எனக்கு முழங்கையில் சிறு சிராய்ப்பு, பயப்படாதே. எங்கள் பஸ் முதலாளி வேதாச்சலத்துக்கு எண்பத்திரண்டு வயது. முதல் டிரிப்பை இன்னும் அவர்தான் ஓட்டுகிறார். கண்டக்டர் நான் பக்கத்தில் நின்று, "மாடு வருது, ஓரமா போங்க" என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். திங்கட்கிழமை டிக்கெட் கொடுக்கத் திரும்பினேன். அதற்குள் சந்திரகிரி தாண்டி ஒரு கடலை வண்டியில் மோதிவிட்டார். வண்டிக்காரனுக்குக் கால் முறிந்தது. இறங்கிய ஜனங்கள் அவனைத்தான் திட்டினார்கள்.

"பெரியவரு ஓட்டிக்கினு வராரு, கண்ணு தெர்லயா உனுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த ஜில்லா மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று ஊரே கத்துகிறது. ஒரு கிழவரின் கண்ணைச் சோதிக்க எவனுக்கும் நேரமில்லை. மறுநாளும் அவரே ஓட்ட உட்கார்ந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு விசில் ஊதினேன்.

ஓட்டல் சோறு இறங்கவில்லை. நீ வரும்போது கொள்ளுப்பொடி கொண்டு வா. தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். திருப்பதியில் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு என் பஸ்ஸிலேயே சித்தூர் வருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். ஊரார் பிள்ளைகளுக்குத்தான் நான் டிக்கெட் கிழிக்கிறேன். நம் பிள்ளையை நீ ரயிலில் கூட்டி வா.

தணிகாசலம்