யாருக்கும் சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன்

ஹாஜிரா, என் கண்ணு,

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நல்ல செய்திதான். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. உன் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்கு உமைமா என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேரைச் சொன்னது நான்தான்.

கணக்கு வகுப்பில் விடை மட்டும் எழுதிவிட்டு ஓடப் பார்க்கும் பிள்ளைகளை நிறுத்தி, வழிமுறை எங்கே என்று கேட்பவள் நீ. என்னையும் கேட்பாய். அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த காலம். சிப்காட் ஆலைகளைத் தாண்டும்போது மருந்து நெடிக்கு நீ துப்பட்டாவாலும் நான் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அந்தக் கொஞ்ச நேரம்தான் நம் பேச்சு நிற்கும். அன்றைக்கு நீ மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினாய். ஏழாம் மாதத்தில் உன் குழந்தை உயிரில்லாமல் பிறந்து, லீவு முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய வாரம் அது.

“பொண்ணுதானாம் அக்கா. நான் ஒரு பேரு வச்சிருந்தேன். உமைமா.”

“என்னாது, உமையம்மாவா? அது எங்க சாமி பேராச்சே.”

துப்பட்டாவை எடுத்துவிட்டு நீ சிரித்தாய். அத்தனை வாரத்தில் அதுதான் நான் பார்த்த முதல் சிரிப்பு. “இல்லக்கா, அரபுப் பேரு. உம்முன்னா அம்மா. உமைமான்னா குட்டி அம்மா. நபியோட அத்தா, அதான் அப்பா, அவங்க கூடப் பொறந்தவங்க ஒருத்தங்க பேரு.”

எங்கள் வீட்டிலும் பெண் பிள்ளையை வாம்மா, போம்மா என்றுதான் கூப்பிடுவோம், அப்பாவே மகளை அம்மா என்பார் என்று நான் சொன்னேன். “அதத்தான் அரபுக்காரங்க பேராவே வச்சிட்டாங்க” என்றாய்.

அந்தப் பேரைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருந்தாய். பழைய அரபுப் பாட்டுகளில் தூக்கம் வராமல் புலம்புகிற கவிஞர்கள் இந்தப் பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றாய். மதரசாவில் ஓதிய உன் மாமாவிடம், எதற்கென்று சொல்லாமலே கேட்டுத் தெரிந்துகொண்டாயாம். உங்கள் லால்பேட்டையில் தெருவில் நின்று பாத்திமா என்று கூப்பிட்டால் பாதி சன்னல் திறக்கும், ஆயிஷா என்றால் மீதி சன்னல் திறக்கும், உமைமா என்றால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். பிறகொரு நாள் போனில் தேடி, மொராக்கோ நாட்டில் இந்தப் பேர் ஜாஸ்தி என்று படித்துவிட்டு முகம் சுருங்கிப் போனாய். கொஞ்சம் யோசித்து, “அது தூரம்தானே, பரவால்ல” என்றாய்.

அப்போதுதான் என் கையைப் பிடித்துக் கேட்டாய். “யாருக்கும் சொல்லாதக்கா. நுஹான்னு வைக்கலாம்னு ஒருக்கா வாய வுட்டேன், எங்க சின்னம்மா பொண்ணு அவ புள்ளைக்கு வச்சிட்டா. இத அவருக்குக்கூடச் சொல்லல. சொன்னா அந்தப் பேரயே புடிச்சிகிட்டு அழுவாரு.”

சரி என்றேன். அவ்வளவுதான் நான் உனக்குக் கொடுத்த வாக்கு. சின்ன வாக்குதான், இல்லையா?

அதற்குப் பிறகு உனக்குக் குழந்தை நிற்கவேயில்லை. அப்புறம் மார்பில் அந்தக் கட்டி. பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் அலைந்த அந்த ஒரு வருஷத்தில் நாம் எதை எதையோ பேசினோம், அந்தப் பேரை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ போன பிறகு அந்தப் பேர் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்பது ஒரு நாள் பஸ்ஸில் சட்டென்று உறைத்தது.

நீ போய் வருஷம் திரும்புவதற்குள் உன் வீட்டுக்காரர் ஜாபர் தம்பி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். கூப்பிட்டார், நான் போகவில்லை. லால்பேட்டையிலிருந்து உன் அம்மாவும் போகவில்லை. அந்தப் பெண்ணின் பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

அவளே ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதே பஸ், உன் இடம். வயிறு தெரிந்தது. சிதம்பரத்துக்குச் செக்கப்புக்குப் போகிறாளாம்.

“நீங்க கலா டீச்சர்தானே? ஷமீமா நானு. அவுங்க போட்டோவுல உங்களப் பார்த்திருக்கேன்.”

சேத்தியாத்தோப்புப் பெண். முதல் கல்யாணம் முறிந்து அப்பா வீட்டில் இருந்தவள். நான் மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும். உன் அலமாரியை இன்னும் திறக்கவில்லை, தன் துணியெல்லாம் பெட்டியிலேயேதான் இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு, அவளைப் பிடிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இதற்கும் நீ என்னைத் திட்டலாம்.

ஒன்பதாம் மாதம் நெருங்கும்போது அவள் கேட்டாள். “அக்கா, பொண்ணு பொறந்தா ஹாஜிரான்னு வைக்கணும்னு சொல்றாரு. நான் தலையாட்டிட்டேன். அவுங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆனா தினமும் அந்தப் பேரச் சொல்லி என் புள்ளய நான் எப்டி கூப்புடுவேன்? அவரு கூப்புடும்போது யாரக் கூப்புடுறாருன்னு நான் நெனைக்கறது?”

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் பதில் சொல்லாமல் தப்பித்திருப்பேன்.

ஹாஜிரா, யோசித்துப் பார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உன் பேர் அந்த வீட்டில் நின்றிருக்கும். உன் ரகசியமும் பத்திரமாக இருந்திருக்கும். உனக்கு இரண்டு லாபம். அந்தப் பெண்ணுக்குத்தான் வாழ்நாள் முழுக்க முள். நான் அவள் பக்கம் சாய்ந்தேன். உன் பேரை அந்தக் குழந்தையிடமிருந்து எடுத்தேன், நீ ஒளித்து வைத்த பேரை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்க்கப் போனபோது ஜாபர் தம்பியிடம் ஒரு பொய் சொன்னேன். “மொதப் புள்ளைக்குன்னு ஹாஜிரா எங்கிட்ட ஒரு பேரு சொல்லி வச்சிருந்தா தம்பி. இந்த வீட்டுல பொண்ணு பொறந்தா உமைமான்னு வைக்கச் சொன்னா.” பேர் மட்டும் உன்னுடையது. வைக்கச் சொன்னாய் என்பது நான் உன் வாயில் போட்டது. இல்லாதவளின் வாய்க்குள் என் வார்த்தையைப் போட எனக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

அவர் “உமைமா” என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஏழாம் நாள் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து குழந்தையின் காதில் அந்தப் பேரைச் சொன்னார். நல்ல பேர், அபூர்வமான பேர், யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டில் இருந்த பேரீச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லால்பேட்டைக்குப் போனேன். யாரோ சொல்லி உன் அம்மா கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், பேரைச் சொன்னதும் கையை நிறுத்தினார்.

“எங்கிட்ட சொல்லலியே அவ.”

பெற்றவளிடம் சொல்லாததை நான் இத்தனை நாள் வைத்துக்கொண்டு, உன் அம்மா வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அது ஒரு குற்றம் என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

“இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னேன். இன்னும் ஒரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார், “அவளா வைக்கச் சொன்னா?”

“இல்லம்மா. யாருக்கும் சொல்லாதன்னுதான் சொன்னா.”

“நீ செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன் கலா. ஆனா நீ சொல்லலன்னா எம்பொண்ணு மனசுல இப்டி ஒரு பேரு இருந்துச்சின்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். பேரு இருக்கட்டும். மாப்ளகிட்ட சொன்ன பொய்ய மட்டும் எடுத்துடு. எம்பொண்ணு சொல்லாதத சொன்னான்னு ஒருத்தரும் நெனைக்கக் கூடாது.”

அந்த இரண்டாம் கல்யாணத்துக்குப் பிறகு அவரை உன் அம்மா மாப்பிள்ளை என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக உன் வீட்டுக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்த ஜாபர் தம்பி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். ஷமீமா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் எதிரிலேயே சொன்னேன், நான் சொன்னது பொய் என்று.

“தெரியும் டீச்சர்” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“அவ ஆசைப்பட்ட பேர இன்னொருத்தருக்கு வைக்கச் சொல்ற ஆளா அவ? நுஹாவுக்காக அவ சின்னம்மா பொண்ணுகூட எத்தினி நாளு பேசாம இருந்தா. எனக்குத் தெரியாதா அவள?”

“அப்புறம் ஏன் தம்பி ஒத்துக்கிட்டீங்க?”

அவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினார். “எம்மொதப் பொண்ண நாந்தான் கையில எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணேன். பேரில்லாமத்தான் வச்சிட்டு வந்தேன். அவளுக்கு ஒரு பேரு இருந்துச்சின்னு நீங்க சொல்லித்தான் தெரியும். அதுக்கப்பறம் நீங்க எது சொல்லியிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

ஷமீமா அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கோபமில்லை. அவர் அழட்டும் என்று போனாள். அவளை நீ பார்த்திருந்தால் உனக்கும் பிடித்திருக்கும் என்று எழுத வருகிறது. இல்லை, இனி உனக்காக நான் எதையும் சொல்லப் போவதில்லை. உனக்குப் பிடித்திருக்குமா, பிடித்திருக்காதா, எனக்குத் தெரியாது.

நீ மன்னிப்பாயா என்பதும் தெரியாது. கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்பது சுலபம். அதனால் கேட்கவில்லை. போன வாரம் உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் கொஞ்சம் தயங்கினார். ஷமீமா எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். உன் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவும் கூப்பிட்டார். நான் இருக்க முடியாமல் தெருவுக்கு வந்து நின்றேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் ஹாஜிரா. என்றைக்காவது அந்தப் பெண் வந்து, பெரியம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்பாள். அர்த்தத்தைச் சொல்வதற்கு முன்னால் உன்னைச் சொல்வேன். பேரில்லாமல் போன அவள் அக்காவைச் சொல்வேன். இது நீ கொடுத்த பேர் இல்லை, நான் கேட்காமல் எடுத்துக் கொடுத்த பேர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

உன் சொல்லைக் காப்பாற்றத் தெரியாத,
உன் கூடப்பிறக்காத அக்கா,
கலா.