ஐந்தாவது கட்டத்தில் ஒரு பொட்டு

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி ஆபீசில் கொடுத்தது, டார்கெட் குறித்துக்கொள்வதற்கு. சொந்த விஷயம் எழுத அல்ல. எழுதுகிற அளவுக்கு நானும் பெரிய ஆள் இல்லை. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான்.

முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே பிடிபடும்.

ஆபீஸ் விழுப்புரம் ஜங்ஷன் பக்கம், செல்போன் கடைக்கு மேல் மாடி. ஆஸ்பத்திரி பில்களை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. மாடியில் நாங்கள் மூன்று பேர்தான்: மேனேஜர் பாஸ்கர் சார் (இனி பா. சார்), தட்டிய பில்லைச் சரிபார்க்கும் தீபா, நான். பில்லைத் தட்டுகிறவர்கள் ஒன்பது பெண்கள், எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து. நான் அவர்களுக்கு லீடு. டிகிரி முடித்தவள், அதிகம் பேசாதவள், ஃபைல் வெளியே போகாது என்று பா. சார் என்னைப் போட்டார்.

பேசாததுதான் வினை. ஜூனில் வேலை குறைந்தபோது சார், "தெனம் காலைல ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு என்னா ஏதுன்னு கேளும்மா" என்றார். எனக்குப் போன் என்றாலே கை வேர்க்கும். பாத்ரூம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் யாருக்கும் போடுவேன். முதல் ஆள் "ஹலோ" என்றதும் கட் செய்துவிட்டேன். மறுநாள் பில் ஏற்றும் சாஃப்ட்வேரில் தேடி ஒன்று கண்டுபிடித்தேன். லேப்டாப் கேமரா அரை மணிக்கு ஒருமுறை தானே படம் எடுக்கும், ஆள் உட்கார்ந்திருக்கிறாளா என்று காட்டும். "சார், போன் வேண்டாம், இதுவே காட்டிடும்." அந்த ஆபீசில் நான் சொன்ன ஒரே யோசனை. சாருக்குச் சந்தோஷம். சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ்காரர்களுக்கு இன்னும் சந்தோஷம்.

ஒன்பது பேருக்கும் அறிவிப்பு நான்தான் அனுப்பினேன். இங்கிலீஷில், சாஃப்ட்வேர் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து. எல்லாரும் 'ஓகே மேம்' போட்டார்கள்.

அன்றைய படங்களில் ஆளுக்கு ஒன்றை எடுத்து, சாயங்காலம் கட்டம் கட்டமாக ஒன்பது படங்களோடு ஒரு தாள் வரும். அதை ஒரு வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். பா. சார், சென்னை ஆட்கள் எல்லாரும் அதில் உண்டு. நான் அந்தத் தாளைத் திறந்து பார்த்ததே இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் பார்க்கக் கூச்சம். பார்க்காமலே அனுப்பிவிடுவேன்.

இன்றும் அப்படித்தான். தாளின் கீழே யாரோ வழக்கம்போல் ஒரு கட்டைவிரல் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து தீபா போனை நீட்டினாள்.

"ஏய் சுகந்தி, இத தெறந்து பாத்துட்டுத்தான் போட்டியா நீ?"

ஐந்தாவது கட்டம். ஜெசிந்தா. திண்டிவனம் பக்கத்துப் பெண். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பி ஆறு மாதம். பின்னால் மூடிய கதவு. மடியில் குழந்தை. பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அழித்தேன். அதற்குள் முக்கால்வாசிப் பேர் பார்த்தாயிற்று. எத்தனை போனில் தானாக இறங்கி உட்கார்ந்திருக்கிறதோ. பா. சார் தலையைச் சொறிந்தார். "யாரும் பெருசு பண்ணிப் பாக்க மாட்டாங்கம்மா. அழிச்சிட்ட இல்ல, விடு. அந்தப் பொண்ணுகிட்ட எதயும் சொல்லிக்கினு இருக்காத. வீணா பேஜாரு."

அந்தக் கட்டைவிரல் எதற்கு? தினமும் வைக்கிறவர்தானா? முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றால் அந்த முகம் எனக்குத் தெரியாது.

வீட்டில் அப்பா, வாசலில் நின்ற எதிர்வீட்டு அண்ணனிடம்: "எம்பொண்ணு ஒக்காந்த எடத்துலருந்தே ஒம்போது பேர மேய்க்குது." அம்மா உள்ளிருந்து: "போனு அடிச்சா பக்கத்து ரூமுக்கு ஓடுற பொண்ணு. அது யார மேய்க்குதோ."




நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. பாசஞ்சரில் நின்றுகொண்டே வந்தேன். குடையை ரயிலில் விட்டுவிட்டேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குரூப்பில் ஒரு செய்தி தட்டினேன்: 'நேற்றைய தாளைத் தயவுசெய்து போனிலிருந்து நீக்கவும்.' அனுப்பவில்லை. இதைப் படித்தால்தான் எல்லாரும் தேடிப் பார்ப்பார்கள். அழித்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி அழித்தேன்.

சாயங்காலத் தாளை முதல் முறையாகத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது கட்டத்தில் ஆளே இல்லை. முழுக்க அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் துளி வெளிச்சம். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தீபா பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஸ்டிக்கர் பொட்டுடி! கேமராவுக்குப் பொட்டு வச்சி பொண்ணு பாக்க ஒக்கார வச்சிட்டா!"

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டதா?

சென்னையிலிருந்து போன். பா. சார் கேட்டுக்கொண்டே இருந்தார், "எஸ் சார், எஸ் சார்" மட்டும். வைத்த பிறகு: "கேமராவ மறைக்கிறது செக்யூரிட்டி மீறலாம். வெள்ளிக்கெழம சாயங்காலத் தாள்ல மூஞ்சி தெரியணும். இல்லன்னா அந்தப் பொண்ணோட லாகின் க்ளோஸ்."

"சார், அவ வேல நல்லா..."

"எனக்குத் தெரியாதாம்மா? அவங்க கான்ட்ராக்ட எடுத்துட்டா ஒம்போது பேருக்கும் வேல இல்ல. ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. போன் போட்டு பக்குவமா சொல்லு."

"நேர்ல போய் சொல்றேன் சார்."

ஆச்சரியமாகப் பார்த்தார். அக்கறை என்று நினைத்திருப்பார். போனுக்குப் பயந்துதான் நேரில்.


நவம்பர் 12, புதன்

வெயில். திண்டிவனத்திலிருந்து ஷேர் ஆட்டோ, மாதா கோயில் நிறுத்தத்தில் இறங்கினேன். கையில் பிஸ்கட் பாக்கெட், ஆப்பிள். குற்றம் செய்தவள் வாங்கிப் போகிற சாமான்.

ஜெசிந்தாவின் (இனி ஜெ.) மாமியார் குழாயடியில் குடத்தோடு. நான் ஆபீசிலிருந்து என்றதும் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா. நீதான் அந்த மேடமா? நல்லாக் கேளு நாயத்த. பட்டப்பகல்ல மருமவ கதவ சாத்திக்கினு ஒக்காந்திருந்தா தெருவு என்னா பேசும்? கேட்டா கம்பேனி ரூல்ஸுன்றா. கொயந்தயும் உள்ள, அவளும் உள்ள. அந்த டப்பாவுக்குத்தான் தெரியும் உள்ள என்னா நடக்குதுன்னு."



கதவை மூட வேண்டும் என்பதும் எங்கள் விதிதான். நோயாளியின் பெயரை வீட்டில் வேறு யாரும் பார்க்கக் கூடாது. அதற்காக மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கும் அறையை ஒதுக்கி வாங்கியிருக்கிறாள். மூட்டைகளுக்கு நடுவில் மேசை, லேப்டாப், பக்கத்தில் குழந்தை தூங்கும் ஏணை. மற்றபடி அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு குளியலறைக்குத்தான். மாமனார், கொழுந்தனார், வருகிறவர் போகிறவர். கணவர் வெளியூரில் வெல்டிங் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். குழந்தைக்கு நிம்மதியாகப் பால் கொடுக்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம், எங்கள் விதியால் கிடைத்த இந்த அறை.

நான் கேட்பதற்கு முன் அவளே ஆரம்பித்தாள்.

"சாரி மேடம். லாகின் பண்றப்போ மட்டுந்தான் போட்டோ எடுக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். அன்னிக்கி பசில கத்துனான், எடுத்து மடில போட்டுக்கினேன். திடீர்னு லைட்டு மின்னுச்சி. ஒடம்பே கூசிப்போச்சி. அதான் பொட்ட ஒட்டுனேன்."

"மெயில்ல அனுப்பியிருந்தேன்..."

"இங்கிலீஷுல பெருசா இருந்துச்சே, அதுவா? எல்லாரும் ஓகே போட்டாங்க, நானும் போட்டேன்."

குழந்தை என் சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தப் போட்டோல்லாம் நீங்க மட்டுந்தான மேடம் பாப்பீங்க?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

"அப்பாடா. நீங்க பொம்பள, பரவால்ல."

டீ கொடுத்தாள். குடித்தேன். வெள்ளிக்கிழமை பற்றி மட்டும் சொன்னேன். முகம் தெரிய வேண்டும் என்று சொன்னேன். பொட்டை எடு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. திரும்பும்போது மாமியார் ஒரு பையில் மல்லாட்டை கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

பை இப்போது என் மேசையில். பிரிக்கவில்லை.


நவம்பர் 13, வியாழன்

மூட்டம். இன்று எனக்கு வீட்டிலிருந்து வேலை.

காலையில் என் லேப்டாப்பில் அந்தக் கேமராவை எனக்கே போட்டுக்கொண்டேன். லீடுக்குப் படம் கிடையாது. இத்தனை மாதத்தில் போட்டுப் பார்க்கத் தோன்றியதும் இல்லை. எடுக்கும் என்று தெரிந்தே உட்கார்ந்தேன், ஆனாலும் வேலையில் மறந்துபோகிறது. மதியம் பார்த்தேன். ஒன்றில் வாய் பிளந்திருக்கிறேன். ஒன்றில் மூக்கில் விரல். ஒன்றில் பின்னால் அம்மா, தலைக்குக் குளித்துவிட்டு மாரில் கட்டிய பாவாடையோடு கொடியில் துணி எடுக்கிறார்.

எல்லாவற்றையும் அழித்தேன். எனக்கு அழிக்க முடிகிறது.

எங்கோ ஒருவருக்கு மூலமா, கர்ப்பப்பையா என்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று இத்தனை பூட்டு. சரிதான். அதைத் தட்டுகிறவளுக்கு ஒரு பூட்டு இல்லை. இதை யோசிக்க டிகிரி தேவையில்லை. டிகிரி இருந்தும் நான் யோசிக்கவில்லை.

பாத்ரூம் கண்ணாடி. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அம்மா கதவைத் தட்டினார்: "யார்கிட்டடி பேசிக்கினு இருக்க? ஜல்தியா வா, தண்ணி நின்னுடும்."

மாடிக்குப் போய் போன் செய்தேன். கட் செய்யவில்லை.

"ஜெசிந்தா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் படத்த நான் மட்டும் பாக்கல. பாக்காமயே ஒரு குரூப்புல போட்டுட்டேன். சார் இருக்காரு. சென்னை ஆளுங்க இருக்காங்க. உடனே அழிச்சிட்டேன். அதுக்குள்ள பாத்துட்டாங்க."

ஏணை ஆடும் சத்தம் மட்டும்.

"ஆம்பளைங்களா?"

"ஆமா. நெறய பேரு ஆம்பளைங்க."

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ஏணைச் சத்தம் நின்றது.

"நீங்க பொம்பளன்னுதான் மேடம் நேத்து நிம்மதியா தூங்குனேன்."

கேமரா என் யோசனை என்பதையும் சொன்னேன். போன் செய்யப் பயந்துதான் என்றேன். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை, மூச்சு மாதிரி ஒன்று.

"எங்கிட்ட பேசறதுக்கா பயம்? நான் என்னா கடிச்சா வச்சிடுவேன்?"

அப்புறம் குரல் மாறிவிட்டது. "சரி. பொட்ட எடுக்கணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க. வேல எனக்கு வேணும். எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். மூஞ்சிய காட்டிக்கினு ஒக்காந்துக்கறேன். ஆனா இவன் அழுதா அந்த ரூமுல வச்சி குடுக்க முடியாது. வேற எங்க போவேன்னு தெரியல."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். வைத்துவிட்டாள். மன்னிப்பு கேட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.


நவம்பர் 14, வெள்ளி

மறுபடி மழை. புதுக் குடை. அப்பா திட்டவில்லை.

மதியம். பா. சார் சாப்பிடப் போயிருக்கிறார். வந்ததும் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன். கண்ணாடிக்குப் பதில் இது.

- கேமரா யோசனை என்னுடையது. தப்பு. திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.
- தினமும் காலை ஒன்பது பேருக்கும் போன் நான் செய்கிறேன். இன்று காலை நான்கு பேருக்குச் செய்தாயிற்று. ஒருத்திக்குக் கரண்ட் இல்லை, ஒருத்தியின் லேப்டாப் சூடாகி நிற்கிறது. படத்தில் இதெல்லாம் தெரிந்ததே இல்லை. கை வேர்த்தது, பரவாயில்லை.
- பாதுகாப்புக்கு: எழுந்தால் திரை தானே பூட்டிக்கொள்ளும் வசதி அதே சாஃப்ட்வேரில் இருக்கிறது. நோயாளி பெயரைப் பாதி மறைத்தும் காட்டலாம். ஜூனில் நான் கேமராவோடு தேடுவதை நிறுத்திவிட்டேன்.
- ஜெ. அனுப்பிய பில்லில் இந்த மாதம் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வரவில்லை. தீபாவே சொன்னாள்.
- அறிவிப்பைத் தமிழில் எழுதிவிட்டேன். அரைப் பக்கம்கூட வரவில்லை.

சார் சொல்லப் போவது: "சென்னைல ஒத்துக்கணுமேம்மா." உண்மை.  நானே அவர்களிடம் பேசுகிறேன் என்று சொல்லலாம். சொல்வேனா? குரூப்பில் இருக்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் போன் செய்து அந்தத் தாளை அழிக்கச் சொல்லவும் வேண்டும். அந்தக் கட்டைவிரல்காரருக்கும்.

ஜெ. காலையிலேயே லாகின் செய்துவிட்டாள். ஒரு வார்த்தை அனுப்பவில்லை. சாயங்காலத் தாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதுவரை எடுத்த படங்களைத் திறந்து பார்த்தேன், ஐந்தாவது கட்டம் இப்போதைக்கு அரக்குச் சிவப்பு. என் பதிலுக்காகத்தான் வைத்திருக்கிறாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். தீபா: "வந்துட்டாருடி. மொதல்ல மூஞ்சியத் தொடச்சிக்க."

கேமரா, போன், கான்ட்ராக்ட், எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் சார். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பொட்டை எடுக்கச் சொல்லாதீர்கள்.