மாசி ஏழுக்கு நல்லரத்தினம்

குருக்கள்மடம்,
1937 தை 22

அன்புள்ள மகள் எப்சிபாவுக்கு,

கர்த்தர் உன்னையும், உன்னோடு ஒரே அறையில் இருந்து உன் பகிடிகளைத் தாங்கும் பிள்ளைகளையும் காப்பாராக. இங்கே மழை விட்டுவிட்டது. அம்மாவுக்குக் கால் வலி குறைவு. அரியதரம் சுட்டு வைத்திருக்கிறா; பஸ்ஸில் நம்பிக்கையான ஆள் யாரும் வந்தால் அனுப்புவா. சென்ற முறை கொண்டு வந்தவருக்கு வழியில் பசித்துவிட்டதாம்.

மகள், ஒரு அற்புதம் நடந்திருக்கிறது. நத்தார் விடுமுறையில் என் மேசையில் இருந்து, நான் சொல்லச் சொல்ல நீ எழுதித் தந்த பிளான் ஞாபகம் இருக்கிறதா? இந்தக் காலாண்டில் எந்த ஞாயிறு, எந்தக் கோயிலில், யார் பிரசங்கம் என்ற அட்டவணை. ஏழு கோயிலுக்கும் ஏழு பிரதி. அனுப்புகிற அன்று கல்லாற்றில் ஒரு அடக்க ஆராதனை, நான் திருப்பிப் பார்க்கவில்லை. போன ஞாயிறு நமது கோயில் கதவில் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன்: மாசி ஏழு, குருக்கள்மடம், நல்லரத்தினம்!

தோணிக்கார நல்லரத்தினத்தைத்தான் சொல்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன் பரீட்சைப் பிரசங்கம் செய்யப் பீடத்தில் ஏறி, "பிரியமானவர்களே" என்ற ஒரே சொல்லோடு வாயடைத்து நின்று, சபையெல்லாம் சிரிக்க இறங்கி வந்தவர். அன்று தொட்டு மணி அடிக்கிறார். கடைசி வாங்குப் பலகையில் இருக்கிறார். அவரை இன்னொரு முறை ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொரு காலாண்டும் நினைப்பேன். ஒவ்வொரு காலாண்டும் சனத்துக்குப் பயந்து விட்டுவிடுவேன். அதுவும் மாசி ஏழு, எங்கள் போதகர்களுக்கெல்லாம் தலைவரான வெள்ளைக்கார சேர்மன் துரை நமது சபையைப் பார்க்க வருகிற ஞாயிறு! நான் சுயபுத்தியோடு அந்தப் பெயரை உனக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். சொன்ன ஞாபகமும் இல்லை. அப்படியானால் அதை என் வாயில் வைத்தவர் யார்? பத்தொன்பது வருட ஊழியத்தில் கர்த்தர் என்னை இப்படித் தொட்டதில்லை. நல்லரத்தினத்திடமும் அப்படியே சொன்னேன். மனிதன் அழுதுவிட்டார்.

ஒன்று மட்டும் எழுது. அந்தப் பெயரை நான் சொன்னபோது என் முகம் எப்படி இருந்தது?

உன் அன்புள்ள அப்பா,
எட்வேட் சாமித்தம்பி


விடுதி, மட்டக்களப்பு,
1937 தை 25

என் அன்பான அப்பாவுக்கு,

நான் சுகம். இந்தக் கடிதத்தின் கடைசி வரிக்குப் பிறகும் நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் இன்றைய ஜெபம். கதிரையில் இருந்து வாசியுங்கள். அம்மாவைத் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். வாசித்துக் காட்ட மட்டும் வேண்டாம்.

முதலில் விடுதிச் செய்தி. நாம் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிற சபை என்பதை இங்கே சமைக்கிற அக்கா நன்றாக விளங்கிக்கொண்டிருக்கிறா. சொதியில் தேங்காய்ப்பாலைத் தெளிக்கத்தான் செய்கிறா. கணக்குப் பரீட்சையில் எனக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. இவ்வளவு கெட்ட செய்தியை நான் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் வருவது எவ்வளவு கெட்டது என்று கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா, அந்தப் பெயரைச் சொன்னபோது உங்கள் முகம் எப்படியும் இருக்கவில்லை. நீங்கள் சொல்லவே இல்லை.

"மாசி ஏழ விடு மகள், துரை வாற நாள், யோசிச்சுச் சொல்றன்" என்றுவிட்டுக் கோப்பி குடிக்கப் போனீர்கள். வெறும் கட்டத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. நீங்கள் சரி பார்க்கும்போது கோப்பி மூக்கால் வரும் என்று நினைத்து எழுதினேன். அவ்வளவுதான். நீங்கள் அடக்கத்துக்குப் போய்விட்டீர்கள், பிரதிகள் பஸ்ஸில் போய்விட்டன, அம்மா என்னைப் பெட்டி கட்டச் சொன்னா. நீங்களே கண்டு வெட்டிவிடுவீர்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வேதாகமத்தில் ஒரு பிரசங்கி இருக்கிறார், எல்லாம் மாயை என்றவர். நமது பிரசங்கியை உண்டாக்கியதே ஒரு மாயக்காரி. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வாவிக்கரையில் நின்று அவருடைய தோணியைப் பார்த்து "பிரியமானவர்களே!" என்று கத்துகிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன் அப்பா. அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. துரைக்கு முன்னால் அவர் மறுபடியும் வாயடைத்து நின்றால் அதைச் செய்தது நான். நான் செய்தது பாவம். நல்லரத்தினம் மாமா பாவம். ஒரே சொல்தான், ஆனால் பாவம் செய்தவள் இங்கே பெஞ்சில் இருக்க, அந்தப் பாவம் அங்கே அடிவாங்கப் போகிறார்.

என்ன செய்யப் போகிறீர்கள்? எழுதுங்கள். ஏச்சாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் (இன்னும் உங்கள்தானே?) மகள்,
எப்சிபா


குருக்கள்மடம்,
1937 தை 28

மகள்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று வியாழன். இரண்டு நாளும் பதில் எழுத உட்கார்ந்து, எழுந்துவிட்டேன்.

என்னுடையவள்தான் நீ. உண்மையைச் சொன்னாய், அது நல்லது. கோபம் இருக்கிறது, பாதி உன் மேல், பாதி என் மேல். துணிவில்லாதவன்தான் அடையாளம் தேடுகிறான். அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை எழுத எனக்குப் பதினொரு வருடம் துணிவு வரவில்லை. யாரோ எழுதியிருப்பதைக் கண்டதும் கர்த்தரின் தலையில் வைத்தேன். அவர் எழுதியதானால் சனம் என்னைக் குறை சொல்ல ஏலாதல்லவா?

நேற்று ஒரு நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். வாயைத் திறக்க முன், இதை இப்போது திறக்கிறது யார் என்று ஒரு கேள்வி வந்தது. மனப்பாடமான ஜெபம் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

நல்லரத்தினம் புது வெள்ளைச் சட்டைக்குக் கொடுத்திருக்கிறார். காத்தான்குடித் தையற்காரர் பக்கீர், "ஆண்டவன் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிசனுக்குத் தைக்கிறன், தையல் பிழைக்கப்படா" என்று மூன்று முறை அளவெடுத்தாராம். செய்தி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் அவர் ஏறமாட்டார். இனிச் சாகும் வரை ஏறமாட்டார். சொல்லாவிட்டால் ஒரு பொய்யைப் படியாக வைத்து நான் அவரை ஏற்றுகிறேன். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

அப்பா


விடுதி, மட்டக்களப்பு,
1937 தை 30

அன்புள்ள அப்பாவுக்கு,

எட்டாம் தேதி சொல்லுங்கள்! ஏழாம் தேதி அவர் பிரசங்கம் செய்து முடிக்கட்டும், எட்டாம் தேதி உண்மை சொன்னால் அதுவும் உண்மைதானே?

வேதாகமத்தில் பிலேயாமின் கழுதை பேசியது. அதன் வாயைத் திறந்தவர் கர்த்தர் என்றுதான் ஓய்வுநாட் பள்ளியில் சொல்லித் தந்தீர்கள். கழுதையின் வாயைத் திறந்தவருக்குக் கழுதையின் மைப்போத்தலைத் திறக்க ஏலாதா? உங்கள் வீட்டிலும் ஒரு கழுதை இருக்கிறது, கணக்கில் முப்பத்தெட்டு எடுத்தது. ஆகவே நீங்கள் நல்லரத்தினம் மாமாவுக்குச் சொன்னது பொய்யே இல்லை.

அப்பா, மேலே எழுதியதை இப்போது வாசித்துப் பார்த்தேன். நல்ல கெட்டித்தனமாக இருக்கிறது. தப்பி ஓடப் பார்க்கிற நேரமெல்லாம் நான் இப்படித்தான் கெட்டித்தனமாக எழுதுகிறேன். அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அவரிடம் சொல்லுங்கள். "ஒரு பிள்ளை" என்று மறைக்காமல் என் பெயரையும் சொல்லுங்கள். நான் அவர் பெயரை எழுதினேன். அவருக்கு என் பெயர் தெரியாமல் இருக்கக் கூடாது.

மகள்,
எப்சிபா


குருக்கள்மடம்,
1937 மாசி 3

அன்பு மகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போக அவருடைய தோணியில் ஏறினேன். நாங்கள் இருவர்தான். நடு வாவியில், வெயிலில், சொன்னேன்.

"நல்லரத்தினம், அந்தப் பேர நான் சொல்லல்ல. ஆண்டவர் எழுதினதும் இல்ல. என்ர மகள் பகிடிக்கு எழுதினவள்."

துடுப்பை நிறுத்தினார். "ஆரு, எப்சிபாவா?"

"ஓம்."

"அப்ப ஐயா என்னட்ட வந்து சொன்ன?"

"நம்பித்தான் சொன்னன். நம்பினது பிழை. மன்னியுங்க."

தோணி தன்பாட்டில் அரை வட்டம் சுற்றியது. அவர் என்னையும் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. பிறகு துடுப்பை வலித்தார். கரை வந்ததும், "பாத்து இறங்குங்க ஐயா, சேறு" என்றார். அவ்வளவுதான். நான் திரும்பி வர நின்றது வேறொருவருடைய தோணி.

ஞாயிறுக்கு ஒரு பிரசங்கத்தை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறேன். தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். மணி அடிக்கவாவது வருவாரோ தெரியாது.

ஒரு காரியம் மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். சேற்றில் கால் வைத்தபோது என் நெஞ்சு இலேசானது. அந்த வீட்டில் ஜெபித்தேன். வாய் என்னுடைய வாய்தான். சொல் தடக்கியது, திருத்திச் சொன்னேன். கர்த்தர் அதைக் கேட்டார் என்று நம்புகிறேன். ஒரு முறை என் வாயைப் பிடித்துப் பேசியவர் மற்ற நாளெல்லாம் ஏன் பேசாமல் விட்டார் என்று இனி நான் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அவருக்காக ஜெபி. பகிடி விடாமல் ஜெபி.

அப்பா


குருக்கள்மடம்,
1937 மாசி 8

என் அருமை மகளுக்கு,

முதலில் இதை வாசி: ஏறினார். இனி மூச்சு விட்டு மற்றதை வாசி.

மணி சரியான நேரத்துக்கு அடித்தது. சேர்மன் துரை முன் வாங்கில் இருந்தார். பாட்டு முடியும்போது என் கை சட்டைப் பையிலிருந்த தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது. நல்லரத்தினம் கடைசி வாங்கிலிருந்து எழுந்து, புதுச் சட்டையோடு நடந்து வந்து, ஏறினார். பிரசங்க பீடத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "பிரியமானவர்களே" என்றார். நின்றார்.

பெண்கள் பக்கத்தில் அம்மா சேலைத் தலைப்பைக் கடித்தா. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"என்ர பேர பிளான்ல எழுதினது ஆண்டவர் எண்டு உங்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சன்" என்றார். "ஆண்டவர் இல்ல. நம்மட ஐயாட மகள். பகிடிக்கு எழுதின."

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ஆண்டவர் எழுதின எண்டு நினைச்ச நாளையில இருந்து எனக்குச் சோறு இறங்கல்ல. ஆண்டவர்ர கட்டளைய நான் பிழைச்சுப் போட்டா மறுகா எங்க போய் ஒளிக்கிற? சின்னப்புள்ளைட வேல எண்டு ஐயா சொன்ன நேரம் எனக்கு ஒண்டும் பேச வரல்ல. வீட்ட போய்க் கிடந்தன். நல்ல நித்திரை! புள்ளைட பகிடிதானே, பிழைச்சா என்ன?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சபை ஓய்ந்த பிறகு துரை தனியாகச் சிரித்தார். அதற்கும் சபை சிரித்தது.

மகள், நாங்கள் அவர் பேசமாட்டார் என்று பயந்தோம். அவர் நிறுத்தமாட்டார் என்று ஒருவரும் பயப்படவில்லை. ஒரு மணியும் பத்து நிமிடமும்! துரை மூன்று முறை மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டார். அவர் போக இருந்த பஸ்ஸும் போய்விட்டது. நம் வீட்டில்தான் சாப்பிட்டார்.

புயலில் ஆண்டவர் தோணியில் நித்திரை கொண்டாரே, அதுதான் பிரசங்கம். "நான் இருவது வருசம் தோணி விடுறன். காத்துக்குள்ள என்ர தோணியில நித்திரை கொண்ட ஆள் ஒருத்தரும் இல்ல. வயல்கார போடியார்மார் கண்ண மூடுவாங்க, அது நித்திரை இல்ல, பயம். தோணிக்காரன நம்பினாத்தான் நித்திரை வரும். ஆண்டவர் தலகாணி வைச்சுப் படுத்த எண்டா, சீஷர்ர கையில அவருக்கு அவ்வளவு நம்பிக்க. நமக்குத்தான் நம்மட கையில நம்பிக்க இல்ல. போய்த் தட்டி எழுப்புறம்."

எத்தனை முறை அந்த அதிகாரத்தில் நான் பிரசங்கித்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டைப் பையிலிருந்த என் தாளை வீட்டுக்கு வந்து பார்த்தேன். வியர்வையில் மை ஊறி ஒரு எழுத்தும் தெரியவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

உனக்குத் தண்டனை உண்டு. வருகிற சனிக்கிழமை அவர் மட்டக்களப்புக்கு வருகிறார். விடுதிக்கு வந்து உன்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீயே உன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் அப்பா,
எட்வேட் சாமித்தம்பி


விடுதி, மட்டக்களப்பு,
1937 மாசி 13

என் அன்பான அப்பாவுக்கு,

வந்தார். இப்போதுதான் போகிறார்.

அவருக்குச் சொல்ல நான் மூன்று பகிடி ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் ஒன்றையாவது விடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். விடுதிக் கேற்றடியில் குடையோடு நின்ற அவரைக் கண்டதும் மூன்றும் மறந்து போயின. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"மாமா, என்ன மன்னியுங்க" என்றேன் கடைசியில்.

"கோவந்தான் புள்ள. ஐயா சொன்ன அண்டைக்கு நீ மட்டும் தோணியில இருந்திருந்தா வாவிக்குள்ள தள்ளியிருப்பன்" என்றார். சொல்லிவிட்டு, "நீந்தத் தெரியுமா?" என்றும் கேட்டார்.

"தெரியும்."

"அப்ப தள்ளியிருக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"உண்மையச் சொல்லு. ஏன் என்ர பேர எழுதின? சிரிக்கத்தானே?"

வேறு ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன் அப்பா. அவர் மேல் இரக்கப்பட்டு எழுதினேன் என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். "ஓம் மாமா. சிரிக்கத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நெடுநேரம் ஆட்டினார்.

"பதினொரு வருசத்துக்கு முதலும் சனம் சிரிச்ச. இந்த ஞாயிறும் சிரிச்ச. எட்டு முறை, எண்ணிக்கொண்டு இருந்தன். இந்த முறை நான் சிரிக்க வைச்ச."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கேற்றடியில், மூன்றாம் வகுப்புச் சின்னதுகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க. ஆறுதல் சொல்லுவார் என்று நினைத்தேன். அவரோ, நான் அழுது முடியும் வரை குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். பேசாமல் நிற்பதில் அவரைப் போல ஒருவரும் இல்லை அப்பா.

உங்கள் அன்பு மகள்,
எப்சிபா