தென்கரையின் முதல் வெட்டு

மேலப்பொட்டல்,
9-12-1955

அன்புத் தங்கச்சி முருகேஸ்வரிக்கு அண்ணன் ராக்கப்பன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மகள் செவ்வந்தியும் உயிரோடு கடலாடி போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கண்மாய்க் கரை போனது நம் கையில் இல்லை, தெய்வம் சோதிக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும் அவசரம் வேண்டாம். நனைந்த மண்சுவர் வெயில் பட்ட பிறகுதான் சரியும். பத்து நாளைக்கு யாரும் உள்ளே படுக்கக் கூடாது. குலுக்கையில் நனைந்த நெல்லை முளைவிடும் முன் அவித்துக் காயப்போடு. கிணற்றை முழுக்க இறைத்து, சேறு வாரி, சுண்ணாம்பு போட்ட பின்தான் குடிக்க வேண்டும்.

உன் அண்ணன்,
ராக்கப்பன்


கடலாடி,
14-12-1955

அன்புள்ள அண்ணனுக்கு முருகேஸ்வரி எழுதுவது. நீங்க சொன்ன வேலையெல்லாம் பகல்ல ஊருக்குப் போய்ச் செய்றோம். நெல்லு முன்னாடியே முளைச்சிருச்சு. அவிச்சும் ஒரே நாத்தம், கோழிகூடச் சீண்டலை. கிணத்தை மூணு நாளா இறைக்கிறோம், சேறு வந்துக்கிட்டே இருக்கு. மேலச்சுவர் நேத்து விழுந்துச்சு. உங்க பேச்சைக் கேட்டு யாரும் உள்ள படுக்காததால தப்பிச்சோம்.

நாங்க தங்கியிருக்கறது புளி யாவாரம் பண்ற சீனி முகம்மது சரக்கு அடுக்குற கிட்டங்கி. கழுத்தளவு தண்ணியில நின்ன எங்களைக் கயிறு போட்டு இழுத்தது அவரும் அவர் ஆளுகளும்தான். அவர் சம்சாரம் ஹமீதா பானு தன் சேலையை எனக்கு உடுத்தக் கொடுத்தாக. சொந்தபந்தம் எல்லாரும் வந்து பார்த்துட்டாக, நீங்க மட்டும் வரலை. ஆறு மைல்தானே அண்ணே. ஒரு எட்டு வந்து மூஞ்சியைக் காட்டினா எனக்குத் தெம்பா இருக்கும்.

உங்க தங்கச்சி,
முருகேஸ்வரி


மேலப்பொட்டல்,
19-12-1955

அன்புத் தங்கச்சிக்கு, வர மனம் இல்லாமல் இல்லை. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, பாதையும் அறுந்து கிடக்கிறது. நம் பண்ணையாள் முனியசாமியிடம் ரெண்டு மூட்டை நெல் கொடுத்தனுப்புகிறேன். மேலச்சுவரை இப்போது எழுப்ப வேண்டாம், ஈரம் வற்றட்டும். கூரைக்குப் பனங்கை நான் தருகிறேன். மனசை விட்டுவிடாதே தாயி.

உன் அண்ணன்,
ராக்கப்பன்


கடலாடி,
23-12-1955

அண்ணே,

பாதை அறுந்து கிடக்குன்னு எழுதினீக. நெல்லு வண்டி நல்லாத்தான் வந்துச்சு. மூட்டையை இறக்காம முனியசாமி வண்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். என்னடான்னு கேட்டதுக்குச் சொல்லிட்டான். கண்மாய் தானா உடையலையாம். உங்க ஊரே கூடித் தென்கரையை எங்க பக்கம் வெட்டி விட்டுச்சாம். முதல் வெட்டு உங்க மம்பட்டியாம்.

வெள்ளம் வந்த அன்னைக்கு மத்தியானம் இதே முனியசாமிதான் வந்து, உழவுக்குன்னு நீங்க கொடுத்து எங்க தொழுவத்துல நின்ன உங்க ஜோடிக் காளையை அவுத்துட்டுப் போனான். அய்யா கொண்டாரச் சொன்னாகன்னான். அவன் வாயில ஒரு வார்த்தை சொல்லிவிட உங்களுக்கு மனசு வரலையா? மாட்டு மேல இருந்த நினைப்பு கூடப்பொறந்தவ மேல இல்லையா? நெல்லு அதே வண்டியில திரும்பி வருது.

முருகேஸ்வரி


மேலப்பொட்டல்,
2-1-1956

தங்கச்சிக்கு,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வடகரை உடைந்தால் இங்கே இருநூறு வீடு, தென்கரையை வெட்டினால் அங்கே பதினெட்டு வீடு. ஊர் எடுத்த முடிவு. முதல் வெட்டு நம் வீட்டு முறை, நம் அய்யா காலத்திலிருந்து உனக்கும் தெரியும். மறுத்தால் நான் இந்த ஊரில் இருக்க முடியாது. உனக்குச் சொல்லியிருந்தால் உங்கள் ஊர் ஆட்கள் அரிவாளோடு கரையில் வந்து நின்றிருப்பார்கள். காளைகளை அவிழ்த்தால் நீயே புரிந்துகொண்டு மேட்டுக்குப் போய்விடுவாய் என்று நம்பினேன். தப்புத்தான். தை பிறந்ததும் வருகிறேன். என்ன இருந்தாலும் செவ்வந்திக்கு நான் தாய்மாமன்.

ராக்கப்பன்


கடலாடி,
10-2-1956

அண்ணனுக்கு,

எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். காளைகளை அவுத்ததும், வானம் இப்படிக் கெடக்கே, அண்ணன் வண்டி பூட்டி நம்மளைக் கூட்டிப் போக வரப்போறாகன்னு நினைச்சேன். துணிமணியை மூட்டை கட்டி வச்சுட்டு வாசல்லயே உக்காந்திருந்தோம். மேட்டுக்குப் போயிரலாம்னு இவுக சொன்னாக. அண்ணன் வந்து தேடுவாகன்னு நாந்தான் தடுத்தேன். தண்ணி வந்த சத்தத்தைக்கூட உங்க வண்டின்னு நினைச்சுத்தான் எட்டிப் பார்த்தேன்.

தை முடியப் போகுது, நீங்க வரலை. தை பத்தாந்தேதி செவ்வந்தி பெரிய மனுஷி ஆனா. உங்களுக்கு ஆள் அனுப்பலை. குச்சுக் கட்ட மாமன் எங்கன்னு பொம்பளைக கேட்டாக. சீனி முகம்மது அண்ணன்தான் பச்சை ஓலை வெட்டியாந்து கிட்டங்கி வாசல்ல குச்சுக் கட்டினாக. ஹமீதா மதினி சேலை எடுத்துக் கொடுத்தாக. பதினாறு நாளும் அந்தக் குச்சுலதான் புள்ளை இருந்தா. நேத்துத் தலைக்குத் தண்ணி ஊத்தி கிட்டங்கிக்குள்ள அழைச்சாச்சு.

இனி நீங்க சீர் தூக்கிக்கிட்டு வர வேணாம். அவளுக்கு மாமன் இருக்காக.

இப்படிக்கு,
வேல்சாமி சம்சாரம் முருகேஸ்வரி