அப்பாவின் கண்ணைச் சுற்றி ஒரு வளையம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி சௌக்கியமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், இதுவோ அவரைப் பற்றிய சமாச்சாரம். மத்தியானத்தில் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஆள் வருவது குறைவு, கவுண்டரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும், மாடி வீட்டு வெல்டிங்காரர் இறங்கி வந்து எங்களை மேலே கூட்டிப் போனதும் உனக்குத் தெரியும். ஒரு பருவம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்ய வேண்டிய மழை இப்போதெல்லாம் ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது, அப்படி ஒரு மத்தியானம் அது. உனக்குத் தெரியாதது, அன்றிலிருந்து உங்கப்பா வெல்டிங்காரர் முகத்தில் முழிப்பதில்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இவர் கதவைச் சாத்துவார். கரையேற்றிவிட்ட மனுஷனோடு என்ன பகை? எனக்கு மண்டை குடைந்தது. அந்த அமளியில் ஏதாவது காணாமல் போய்விட்டதோ என்று பீரோவைத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. உங்க வீட்டுக்காரர் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டாரா என்று வெல்டிங்காரர் மனைவியிடம் பட்டும் படாமல் கேட்டேன், அவள் அதே கேள்வியை என்னிடம் திருப்பிக் கேட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டு அந்த மனுஷன் ஒருநாள் கீழே வந்து, ஃபிரிட்ஜும் அரிசி டிரம்மும் நனையாமல் இருக்க இடுப்பு உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு அடித்துத் தருகிறேன் என்றார். உங்கப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அதெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒருதரம் வர்றது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றார். வந்தவர் மாடி ஏறிப் போய்விட்டார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிறகு நூலக ஹாலில் மாநகராட்சிக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண், வெள்ளம் புகுந்த தெருக்காரர்களை வட்டமாக உட்கார வைத்து, தண்ணீர் வந்தபோது மனசில் என்ன ஓடியது, இப்போது மேகம் கறுத்தால் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். வானம் இனி இப்படித்தான் இருக்கப்போகிறது, அதற்குத் தகுந்த மாதிரி சுவரை உயர்த்தலாம், வாய்க்காலை அகலப்படுத்தலாம், ஆனால் பயத்தையும் துக்கத்தையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், அதனால் அதையும் பேசத்தான் வேண்டும் என்றாள். எனக்கு ஒரே சந்தேகம். நம் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்து அனுப்புகிறார்கள் என்றால் சும்மாவா? இன்றைக்குப் பயமா என்று கேட்பாள், நாளைக்கு, அவ்வளவு பயமானால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்பாள். நான் வாயே திறக்கவில்லை. உங்கப்பா முறை வந்ததும், "நான் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். பன்னெண்டாவது மாடியில கயித்துல தொங்கி வேலை பார்த்தவன். பயப்படுறவங்ககிட்ட போய்க் கேளுங்கம்மா" என்று சொல்லி விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அந்தப் பெண்ணுக்குக் கோபமே வரவில்லை. அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் இவர் போக்கு மாறியது. சாயங்காலமானால் பழைய கம்பெனி நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார், திரும்பி வரும்போது தலை ஈரமாக, படிய வாரியிருக்கும். நான் திட்டினால்கூட சீப்பைத் தொடாத மனுஷன் அவர். கிட்டப் போனால் தரை கழுவுகிற பவுடர் மாதிரி ஒரு வாடை. கண் சிவந்திருக்கும், கேட்டால் தூசி என்பார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது பார்க்கிறேன், இரண்டு கண்ணைச் சுற்றியும் வளையம் வளையமாகத் தடம். நாள் முழுக்க ஊரார் மூக்கைப் பார்த்தே பிழைக்கிறவள் நான், எந்தக் கண்ணாடி எங்கே தடம் போடும் என்று எனக்குத் தெரியாதா? எந்த ஃபிரேமும் கண்குழியைச் சுற்றி உறிஞ்சி எடுத்தது மாதிரி பதியாது. எனக்குத் தெரியாமல் ஏதோ ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறாரோ, வீட்டை விற்க யாரோடாவது பேசுகிறாரோ என்று என்னென்னவோ தோன்றியது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில் தலை சீவிக்கொண்டு அலைகிறாரே என்று வேறு மாதிரியும் தோன்றியது, அப்படி ஒருத்தி இருந்தால் அவர் குறட்டையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த லட்சணத்தில் அந்தக் கம்பெனி நண்பரே கண்ணாடிக்குத் திருகு மாற்றக் கடைக்கு வந்து, உங்க வீட்டுக்காரர் சௌக்கியமா, பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்டாரே பார்க்கலாம்!

மறுநாளே பின்னாலேயே போனேன். மார்க்கெட் தாண்டி, பஸ் பணிமனை தாண்டி, விளையாட்டு மைதானத்துக்குள் நுழைந்தார். அங்கே ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தலையில் ரப்பர் தொப்பி, கண்ணை அடைத்து ஒரு நீச்சல் கண்ணாடி, மார்பளவு தண்ணீரில் கரைக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உங்கப்பா. சொல்லிக்கொடுக்கிற பெண் உன் வயதிருப்பாள். "அங்கிள், முகத்தை உள்ள விடுங்க, தண்ணி உங்கள ஒண்ணும் செய்யாது" என்கிறாள். "பொய் சொல்லாதம்மா, அது செய்யும்" என்கிறார் இவர். சொல்லிவிட்டு முகத்தை உள்ளே விட்டார். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, அப்புறம் அவர் கையைப் பார்த்தேன், கம்பியை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தது. தலையைத் தூக்கியவர் என்னைப் பார்த்துவிட்டார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தார். "அன்னிக்கு நீ அடுப்படியிலேருந்து கத்தினது எனக்குக் கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. கை கால் வரல. உன்ன விட்டுட்டு நான் மேஜை மேல ஏறி நின்னேன். அவன் வந்து கதவை ஒடைச்சு உன்னத் தூக்கினான். அவன் மூஞ்சிய நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றார். அடுப்படிக் கதவில் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து அடைத்துக்கொண்டதும் நான் உள்ளே மாட்டிக்கொண்டதும் உனக்குத் தெரியவேண்டாம் என்று விட்டிருந்தோம், இப்போது தெரிந்துகொள், பதறாதே, முடிந்த கதை. தண்ணீர் இரைச்சலில் அவருக்கு நான் கூப்பிட்டது கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கேட்டது என்று அவர் வாயாலேயே சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அடுத்த தடவை நான்தான் உன்னத் தூக்கணும், அதுக்குத்தான் போறேன்" என்றபோதும், போங்கள், முதலில் கம்பியை விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வெளியே வெள்ளமே வராது என்று வீம்பு பேசுகிற அதே மனுஷன் உள்ளுக்குள் தினமும் அதற்காகச் செத்துக்கொண்டிருந்தார் என்பது புரிந்தது. அந்தக் கூட்டத்துப் பெண் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, பாதி வந்திருக்கிறது.

போன வாரம் மறுபடியும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துத் தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், நான் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். உங்கப்பா குடையைக்கூட எடுக்காமல் மாடிப்படி ஏறிப் போய் வெல்டிங்காரர் கதவைத் தட்டினார். நான் பின்னால் நிற்கிறேன். "எனக்குப் பயமா இருக்கு. இப்பவே மேல வந்துடறோம்" என்றார். வெல்டிங்காரர் ஏதாவது குத்திக்காட்டுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கதவை விரியத் திறந்து, "எனக்கும்தான் சார். உள்ள வாங்க. வாங்கம்மா" என்றார். இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து கேஸ் சிலிண்டரைக் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள். கடைசியில் தண்ணீர் நம் வாசற்படியோடு நின்றுவிட்டது, யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. இப்போது ஸ்டாண்டு வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் இடுப்பு உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பால் எடுக்க நான் முக்காலி போட்டு ஏறவேண்டியிருக்கிறது. உங்கப்பா குளத்தின் குறுக்களவில் பாதி நீந்துகிறார், மீதியை நடக்கிறார்.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் தெரியுமா? உங்கள் பக்கம் காடு எரிகிறது, ஊரெல்லாம் புகை, ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது என்று டிவியில் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நடுவில் இரண்டு முறை போனைத் தள்ளி வைத்தாய், சிக்னல் இல்லை என்றாய். நான் நம்பவில்லை. இருமலை அடக்கினாய். நீ உங்கப்பா பெண், என்னிடம் நடிக்காதே. கிளம்ப வேண்டிய நேரத்தில் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று மாப்பிள்ளையும் நீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், யாருக்கு முதலில் நெஞ்சு படபடக்கிறதோ அவர் வாய்விட்டுச் சொல்லட்டும், மற்றவர் சிரிக்காமல் சாவியை எடுக்கட்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும் தீர்க்காயுசும் மூச்சு முட்டாத காற்றும் கிடைக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். நீச்சல் விஷயத்தை நீயாக எடுக்காதே, அவரே ஒருநாள் பெருமையடித்துக்கொள்வார், புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொள். எனக்கு உடனே பதில் போடு. அதில் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால், அடுத்த பஸ், அடுத்த ரயில், அடுத்த விமானம் எது கிடைக்கிறதோ அதில் ஏறி வந்து உன் வாசலில் நிற்பேன்.

உன் சொல்லை நம்பாமல், உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா