கோபுரத்துக்கு நேரே ஒரு கற்குவை

ஆகஸ்ட் 3, சனி

கீழவைப்பார் வேலை கைக்கு வந்துவிட்டது. கடற்கரையில் அபிலாஷ் கட்டும் விடுதியின் முன்தோட்டம் முழுக்க என் பொறுப்பு. பதினெட்டாம் தேதி திறப்பு. "மேடம், கல்லு மேல கல்லா அடுக்கி வைப்பாங்களே, இன்ஸ்டாவுல வருமே, அது வேணும்" என்றார்.

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். பதினெட்டு வருடம் நாசரேத் பள்ளியில் வரலாறு நடத்திவிட்டு, தூத்துக்குடி மில்லர்புரம் வந்து தோட்டம் போடுகிறவள் நான். ஸ்காட்லாந்து மலைகளில் வழி தவறாமலிருக்க அடுக்கியது, லடாக் கணவாயில் பத்திரமாகக் கடந்ததற்கு நன்றியாக வைத்தது, நம் பாலை வழிகளில் செத்தவர்களை மூடிய பதுக்கை, சொந்த வீடு வேண்டிக் கோயில் மலைகளில் நாலு கல் அடுக்கும் நம் சனம் - எல்லாவற்றையும் அரை மணி நேரம் சொன்னேன். மூன்றாவது நிமிடமே அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதனால் என்ன? இந்த மாவட்டத்தில் கல் அடுக்குவது பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யார்?

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா கோயில் திருவிழா. ஊரே தூத்துக்குடிக்குப் போய்விட்டது, கரையில் ஆளே இல்லை. நிம்மதியாக வேலை ஓடியது.

உட்காரும் மேடை வரவேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் குவியல். சுண்ணாம்பு அடித்த, கோணல்மாணலான குவியல். பிரிப்பதற்கு முன் வழக்கம்போல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். எனக்கு வலது கையான கொத்து வேலைக்காரி சண்முகசுந்தரி மட்டும் தயங்கினாள்.

"எக்கா, புதுச் சுண்ணாம்பா இருக்கே. யாரோ வேணும்னுதான அடிச்சிருப்பாவ?"

"கட்டட வேலையில மிஞ்சுன கல்லு. சுண்ணாம்பும் மிஞ்சியிருக்கும்" என்றேன்.

கல் நல்ல கல். வீணாக்குவானேன் என்று தெற்கே இருபது தப்படி தள்ளி அதை வைத்தே அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று அடுக்கும் முடிந்தது. பெரியது ஏழடி. மேடைக்கும் சிமென்ட் போட்டாயிற்று. அழகோ அழகு. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

ஆகஸ்ட் 7, புதன்

எப்படியும் எழுதிவிட வேண்டும்.

விடியற்காலை கரை திரும்பிய இந்த ஊர் மீனவர் ஜெரால்டின் வள்ளம் பாரில் ஏறிவிட்டது. கடலடிப் பாறையை இங்கே பார் என்பார்கள். வள்ளத்தின் அடி பிளந்துவிட்டது. அவர் தம்பி ஜெமிக்குக் கை முறிந்து ஆஸ்பத்திரியில். நான் வேலைக்குப் போனபோது கரையில் கூட்டம். ஜெரால்டு ஈரச் சட்டையோடு என் மூன்று அடுக்கையும் பார்த்தபடி நின்றார்.

"கோயில் கோபுரமும் வெள்ளைக்கல்லும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வந்தா அதான் வழி. இன்னைக்கும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. கோபுரமும் நேராத்தான் வந்துது. பெறவு எப்படிலே ஏறுனோம்?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கல? பயம். வேற என்ன?

கூட்டம் கலைந்ததும் மூன்று அடுக்கையும் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினோம். சுந்தரி என் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை இறுக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

பதுக்கை, லடாக், ஸ்காட்லாந்து! என் கண்ணெதிரே வேலை பார்த்துக்கொண்டிருந்த கற்குவையை மிஞ்சின கல் என்றேனே.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் தேவதாசனிடம் சொன்னேன். இருபது வருடக் கணவர், என் பேச்சை என்னிடமே திருப்பத் தெரிந்தவர். "ஏளா, தப்பு செஞ்சா எந்திச்சு நின்னு சொல்லணும்னு பதினெட்டு வருஷம் பிள்ளைகள வெரட்டுனவ நீ. எந்திரி."

ஜெரால்டு வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். குவியலைப் பிரித்தது நான், அந்தக் கல்லையே வேறு இடத்தில் அடுக்கியதும் நான்.

அதோடு நிறுத்தாமல், ஜி.பி.எஸ். இல்லையா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இருக்கு டீச்சர். மீன் கெடக்க எடத்துல கொண்டு விடும். ரெண்டு பாருக்கு நடுவுல உள்ள பத்தடி வழியில அத நம்பி நுழைய முடியாது." பிறகு, "இப்ப இருபது வள்ளமும் என்ஜின அமத்திட்டு, கம்பு ஊனி ஊனி வருது. காத்து கெளம்பிச்சுன்னா அதுவும் நடக்காது. மன்னிப்பெல்லாம் பெறவு பாப்போம். கல்ல இருந்த எடத்துல வைங்க."

"சனிக்கிழமை இருக்கும்" என்றேன். இந்த வாய் மட்டும் அடங்காது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அபிலாஷ் முடியாது என்கிறார். "மேடை நடுவுல கல்லா? சான்ஸே இல்ல மேடம். கொஞ்சம் தள்ளி எங்கயாவது வச்சுக்கங்க."

தள்ளி வைத்ததால்தானே ஜெமி கை முறிந்தது! கத்த வந்தேன், அடக்கிக்கொண்டேன். "நாளைக்குக் காலைல ஒரே ஒரு தடவ கடல்லேருந்து உங்க வியூவைப் பாருங்க. அதுக்கப்பறமும் வேண்டாம்னா நான் விலகிக்கிறேன், வேற ஆளப் பாத்துக்கங்க."

வியூ என்றதும் தலையாட்டினார். ஜெரால்டும் மச்சான் வள்ளத்தைக் கொண்டுவர ஒத்துக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டேதான்.

ஆகஸ்ட் 10, சனி

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

காலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டு நானும் சுந்தரியும் கரையில் நின்றோம். ஜெரால்டு அபிலாஷை ஏற்றிக்கொண்டு போய், என் ஏழடி அழகையும் கோபுரத்தையும் நேராக்கி, அதே கோட்டில் மெதுவாக உள்ளே வந்தார். பாருக்கு இருபதடி முன்னால் வள்ளம் நின்றது. கரையிலிருந்தே எனக்கு நுரை தெரிந்தது.

பிறகு கம்பு ஊனி ஆழம் பார்த்துச் சரியான வழிக்குள் வள்ளத்தை நிறுத்தினார். என் போன் அடித்தது. அபிலாஷ்தான், குரலே வேறாக இருந்தது.

"மேடம், வடக்க போகச் சொல்லுதாரு. இன்னும் வடக்க. இருங்க, வாந்தி வருது."

சுந்தரி நீளக் கம்பில் வெள்ளைச் சாக்கைக் கட்டித் தூக்கியபடி ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். "அங்கனயே நிக்கச் சொல்லுங்க!" என்று ஜெரால்டு போடும் சத்தம் போனில் கேட்டது. அவள் நின்றது மேடையின் நட்ட நடுவில். போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதே இடம்.

"மேடைய நடுவுல ஒடச்சிருங்க மேடம்" என்றார் அபிலாஷ்.

கடப்பாரையை நானே எடுத்தேன். என் அடுக்குகளைப் பிரித்து, அதே கற்களை மத்தியானத்துக்குள் ஏற்றினோம். பழக்கதோஷத்தில் நான் மேலே போகப் போக ஒடுக்க, ஜெரால்டு தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சர், அழகு கூடிப்போச்சு. நல்லா குண்டாக் கட்டுங்க. ஒல்லிக்குச்சி கடல்லேருந்து யாருக்குத் தெரியும்?" சுந்தரி சிரித்துவிட்டாள். அப்புறம் நானும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

யாரும் கடலுக்குப் போகவில்லை. ஜெமி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறு வாரம் கட்டு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விடியற்காலை போய்ப் பார்த்தேன். வெள்ளைக்கல் நிற்கிறது, கோபுரம் நிற்கிறது. இருந்தும் ஒவ்வொரு வள்ளமாக என்ஜினை அமர்த்திவிட்டுக் கம்பு ஊனித்தான் வந்தது. ஜெரால்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். வலித்தது. கல்லை ஒரு நாளில் அடுக்கிவிடலாம். இதை என்ன செய்வது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

திறப்பு. எல்லாரும் மேடையில் வெள்ளைக்கல்லைச் சுற்றித்தான் போட்டோ எடுத்தார்கள். அது மீனவர்களின் அடையாளம் என்று பலகையே வைத்திருக்கிறார் அபிலாஷ், அந்த யோசனை தன்னுடையது என்று எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் அதன்மேல் ரெண்டு கூழாங்கல் வைத்துக் கும்பிட்டாள். வீடு கட்டவாம். அவள் போனதும் இரண்டையும் எடுத்துக் கீழே போட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

செடிகளுக்குத் தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க விடியற்காலையே வந்தேன். கட்டுப் பிரித்த கையால் ஜெமி நேற்றுக் கல்லுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். முதலில் வந்தது ஜெரால்டின் வள்ளம், அடியில் ஒட்டுப் போட்ட அதே வள்ளம். கம்பு உள்ளேயே கிடந்தது. பார் பக்கம் வந்தபோதும் என்ஜின் சத்தம் குறையவேயில்லை.